சரக்கு ஒண்ணு, படிதான் வேற: கலோரி, ஜூல், பிடியூ கணக்கு

ரொம்ப நாளா சுத்திட்டு இருக்கற ஒரு கணக்கு இருக்கு, உங்களுக்கும் யாராவது அனுப்பியிருக்கலாம். ஒரு கலோரின்னா ஒரு கிராம் தண்ணிய ஒரு டிகிரி செல்சியஸ் சூடேத்த தேவைப்படற வெப்பம். ஒரு லிட்டர் ஐஸ் தண்ணி குடிக்கிறோம், அது 1,000 கிராம், கிட்டத்தட்ட 0 டிகிரில உள்ள போகுது, உடம்பு அத 37 டிகிரிக்கு கொண்டு வரணும், அப்போ 1,000 × 37 = 37,000 கலோரி செலவாகுது, ஒரு நாள் பூரா நாம சாப்பிடறதே 2,000 கலோரி தான, அதனால தினம் ஒரு லிட்டர் ஐஸ் தண்ணி குடிச்சா போதும், கொழுப்பு தானா கரைஞ்சிடும்னு அந்த கணக்கு முடியும்.

வரி வரியா படிச்சு பாருங்க. கலோரிக்கு சொன்ன விளக்கம் சரி, தண்ணியோட எடை சரி, 37 டிகிரி சரி, பெருக்கலும் சரி. ஆனா விடை மட்டும் 1,000 மடங்கு தப்பு. எனக்கு இத முதல்ல ஒருத்தர் காட்டினப்போ தப்பு எங்க இருக்குன்னு பிடிக்க நல்ல நேரம் ஆச்சு, அந்த தப்ப பிடிச்சதுக்கு அப்புறம் தான் இந்த அலகு எல்லாம் எனக்கு ஒழுங்கா புரிய ஆரம்பிச்சது. அதனால அங்கிருந்தே போவோம்.

முதல்ல ஒரு விஷயம், வெப்பம் வேற, வெப்பநிலை வேற. தெர்மாமீட்டர் காட்டற டிகிரி வெப்பநிலை, எவ்வளவு சூடுன்னு மட்டும் சொல்லும். ஒரு கப் கொதிக்கிற தண்ணியும் ஒரு அண்டா கொதிக்கிற தண்ணியும் ஒரே 100 டிகிரி தான் காட்டும், ஆனா அண்டாவ கொதிக்க வைக்க எவ்வளவு கேஸ் போகும்னு யோசிச்சு பாருங்க, அந்த உள்ள போன சமாச்சாரம் தான் வெப்பம். அது ஒரு ஆற்றல். கலோரி, ஜூல், பிடியூ, கிலோவாட் மணி இதெல்லாம் அந்த ஆற்றல அளக்கற படிகள். அரிசிய ஆழாக்குல அளந்தாலும் படியில அளந்தாலும் அரிசி மாறாது இல்ல, அதே மாதிரி.

சரி, அந்த ஐஸ் தண்ணி கணக்குல என்ன தப்பு? "கலோரி"ன்னு ஒரே பேர்ல ரெண்டு படி இருக்கு. சின்ன கலோரி ஒரு கிராம் தண்ணிய ஒரு டிகிரி ஏத்தும். பெரிய கலோரி ஒரு கிலோ தண்ணிய ஒரு டிகிரி ஏத்தும், அதாவது 1,000 சின்ன கலோரி, சரியான பேர் கிலோகலோரி. சாப்பாட்டு விஷயத்துல யார் "கலோரி"ன்னு சொன்னாலும், டயட் சொல்றவங்க, ட்ரெட்மில் ஸ்க்ரீன், போன் ஆப், எல்லாமே பெரிய கலோரிய தான் சொல்றாங்க, "கிலோ"வ சொல்லாம முழுங்கிடறாங்க. ஒரு நாளைக்கு 2,000 கலோரின்னா அது 2,000 கிலோகலோரி, அதாவது 20 லட்சம் சின்ன கலோரி. ஐஸ் தண்ணி கணக்கு சின்ன கலோரில ஆரம்பிச்சு கடைசி வரில பெரிய கலோரிக்கு தாவிடுச்சு, அந்த ஒரு தாவல் தான் தப்பு. நிஜத்துல ஒரு லிட்டர் ஐஸ் தண்ணிய உடம்பு சூட்டுக்கு கொண்டு வர 37 கிலோகலோரி. ரெண்டு டீஸ்பூனுக்கு கொஞ்சம் அதிகமான சர்க்கரை, 9 கிராம் வரும், அவ்வளவு தான்.

இந்த குழப்பம் யாரோ சோம்பேறித்தனமா பண்ணினது இல்ல, வரலாறே அப்படி. 1820 வாக்குல பாரிஸ்ல நிக்கோலா க்ளெமோன்னு ஒரு வேதியியல் வாத்தியார் தன்னோட வகுப்புகள்ல கலோரின்னு ஒரு அலகு சொல்லிக்கொடுத்தார், நீராவி இன்ஜின் கணக்குக்காக, அது கிலோ தண்ணிக்கான பெரிய கலோரி. அப்புறம் 1852-ல ஃபாவ்ர், சில்பர்மான்னு ரெண்டு பேர் அதே பேர கிராம் தண்ணிக்கு பயன்படுத்தினாங்க, ஆய்வுக்கூடத்துல சின்ன அளவு தான வசதி. அமெரிக்காவுல வில்பர் அட்வாட்டர்ங்கற வேதியியல்காரர் 1887-ல சாப்பாட்டு ஆற்றல பத்தி பொது மக்களுக்கு எழுதினப்போ பெரிய கலோரிய எடுத்துக்கிட்டார், அது அப்படியே உணவு உலகத்துல ஒட்டிக்கிச்சு. பெரிய எழுத்து "சி" போட்டா பெரிய கலோரி, சின்ன எழுத்து போட்டா சின்ன கலோரின்னு ஒரு வழக்கம் ஆங்கிலத்துல உண்டு, ஆனா வாய்ல பேசும்போது பெரிய எழுத்து எப்படி காதுல விழும், தமிழ்ல எழுதும்போதோ அப்படி ஒண்ணே கிடையாது. அதனால என்னோட பழக்கம் என்னன்னா சாப்பாடுன்னா எப்பவும் கிலோகலோரின்னே எழுதிடுவேன். ரெண்டு எழுத்து கூட தான் ஆகும், ஆனா 1,000 மடங்கு தப்பு வராது.

இப்போ ஜூல். பிஸிக்ஸ்ல எந்த ஆற்றலுக்கும் அது தான் அலகு. கலோரிய ஜூலா மாத்தறது வெறும் பெருக்கல்னு தோணும், ஆனா அந்த எண் எங்கிருந்து வந்துச்சுங்கறது எனக்கு ரொம்ப பிடிச்ச கதை. 1840-கள்ல இங்கிலாந்துல ஜேம்ஸ் ப்ரெஸ்காட் ஜூல், ஒரு பீர் ஆலை குடும்பத்துக்காரர், ஒரு பாத்திரத்துல தண்ணி ஊத்தி உள்ள துடுப்பு மாதிரி சக்கரம் வெச்சார், வெளிய கயித்துல எடை தொங்கும், எடை கீழ இறங்க இறங்க சக்கரம் சுத்தி தண்ணிய கலக்கும், கலக்கற உராய்வுல தண்ணி கொஞ்சூண்டு சூடாகும். நெருப்பே இல்ல, வெறும் எடை இறங்கறது தான் வெப்பமா மாறுது. எடை எவ்வளவு உயரம் இறங்குச்சு, தண்ணி எவ்வளவு ஏறுச்சுன்னு திரும்ப திரும்ப அளந்தார். ஒரு பவுண்டு தண்ணிய ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் ஏத்தணும்னா 772 பவுண்டு எடை ஒரு அடி இறங்கற வேலை ஆகும்னு 1850-ல வெளியிட்டார். இன்னிக்கு நாம வெச்சிருக்கற எண் 778. அந்த காலத்து தெர்மாமீட்டர வெச்சிக்கிட்டு ஒரு சதவீதத்துக்குள்ள வந்துட்டார், நினைச்சு பார்த்தாலே மலைப்பா இருக்கு.

அந்த வழில வந்தது தான் 1 கலோரி = 4.184 ஜூல். அப்போ 1 கிலோகலோரி = 4.184 கிலோஜூல், ரெண்டு பக்கமும் கிலோ சேர்ந்துருச்சு, எண் மாறாது. சில புத்தகத்துல 4.1868னு இருக்கும், சிலதுல 4.186, பார்த்து பயப்படாதீங்க. தண்ணிய ஒரு டிகிரி ஏத்தற செலவு, தண்ணி ஏற்கனவே எத்தன டிகிரில இருக்குங்கறத பொறுத்து லேசா மாறும், அதனால 15 டிகிரி பக்கத்துல அளந்த கலோரி ஒண்ணு, நீராவியோட வெப்ப கணக்குக்கு பட்டியல் போடற இன்ஜினியருங்க ஒத்துக்கிட்ட 4.1868 ஒண்ணு, வேதியியல்காரங்க நிரந்தரமா வெச்சிக்கிட்ட 4.184 ஒண்ணுன்னு பல கலோரி ஆகிடுச்சு. இந்த தொல்லையால தான் 1948-ல சர்வதேச அளவைகள் மாநாடு வெப்பத்துக்கும் ஜூலையே அலகா எடுத்துக்கிச்சு. சாப்பாட்டு கணக்குக்கு 4.184 போடுங்க, அந்த வித்தியாசம் ஆயிரத்துல ஒரு பங்கு கூட வராது.

மனசுலயே போடணும்னா ஒரு வழி இருக்கு. கிலோகலோரிய கிலோஜூலாக்க நாலால பெருக்கி அதோட 5 சதவீதம் சேருங்க. 250 கிலோகலோரின்னா 1,000, கூட 50, ஆக 1,050, நிஜமான விடை 1,046. திருப்பி வரணும்னா நாலால வகுத்து 5 சதவீதம் கழிங்க. லேபிள்ல 100 கிராமுக்கு 1,840 கிலோஜூல்னு போட்டிருக்கு, நீங்க சாப்பிடப்போறது 35 கிராம்னு வெச்சுக்கோங்க. 1,840 × 0.35 = 644 கிலோஜூல். நாலால வகுத்தா 161, அதுல 5 சதவீதம் ஒரு 8, கழிச்சா 153. கால்குலேட்டர்ல போட்டா 154 வரும். கடையில நின்னு லேபிள் படிக்கிறப்போ இது போதும்.

லேபிள் எல்லா நாட்டுலயும் ஒரே மாதிரி இருக்காது, ஆஸ்திரேலியாவுல கிலோஜூல் கட்டாயம், ஐரோப்பாவுல ரெண்டும் போடணும், கிலோஜூல் முதல்ல வரும், அமெரிக்காவுல வெறும் "கலோரி", அது பெரிய கலோரின்னு நமக்கு இப்போ தெரியும். வேற நாட்டு பாக்கெட்ட பார்த்து "ஐயையோ இதுல 2,000 இருக்கே"ன்னு பதறினவங்கள பார்த்திருக்கேன், அது கிலோஜூல், 478 கிலோகலோரி தான்.

அந்த லேபிள் எண்ண எப்படி கண்டுபிடிக்கறாங்கன்னு நிறைய பேருக்கு தெரியாது. ஒவ்வொரு பாக்கெட்டயும் எரிச்சு பார்க்கறது இல்ல. எரிச்சு பார்க்கற கருவி நிஜமாவே இருக்கு, பாம் கலோரிமீட்டர்னு பேர், கெட்டியான உலோக பாத்திரத்துல ஆக்சிஜன அழுத்தமா அடைச்சு உள்ள உணவ எரிப்பாங்க, சுத்தி இருக்கற தண்ணி எத்தன டிகிரி ஏறுதுன்னு பார்த்து வெப்பத்த கணக்கு பண்ணுவாங்க, நம்ம கலோரி விளக்கமே அப்படியே கருவியா நிக்குது. ஆனா உடம்பு நெருப்பு இல்ல. சாப்பிட்டது எல்லாம் செரிக்காது, புரதத்துல இருக்கற நைட்ரஜன உடம்பு முழுசா எரிக்காம யூரியாவா சிறுநீர்ல அனுப்பிடும், அதோட கொஞ்சம் ஆற்றலும் வெளிய போயிடும். அட்வாட்டர் இத தான் உக்காந்து அளந்தார், ஆட்கள நாள் கணக்குல ஒரு அறைக்குள்ள தங்க வெச்சு, உள்ள போன சாப்பாடு, வெளிய வந்த கழிவு, உடம்பு விட்ட வெப்பம் எல்லாத்தயும் அளந்தார். புரதத்த கருவியில எரிச்சா கிராமுக்கு 5.65 கிலோகலோரி, உடம்புக்கு கிடைக்கறது 4. கொழுப்பு எரிச்சா 9.4, உடம்புக்கு 9. மாவுச்சத்துல ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, 4. ஆல்கஹால் 7. லேபிள்ல வர்ற எண் பெரும்பாலும் இந்த 4, 9, 4 வெச்சு பெருக்கி கூட்டினது தான்.

நீங்களே போட்டு பாருங்க. 100 கிராம்ல கொழுப்பு 20, மாவுச்சத்து 65, புரதம் 7 கிராம்னா 180 + 260 + 28 = 468 கிலோகலோரி. பாக்கெட்ல 10, 20 முன்ன பின்ன இருந்தா நார்ச்சத்த தனியா கணக்கு எடுத்திருப்பாங்க, ஐரோப்பிய விதில அதுக்கு கிராமுக்கு 2 தான்.

இங்க ஒரு சின்ன முடிச்சு. அதே ஐரோப்பிய விதில கிலோஜூலுக்கு தனி எண்கள் குடுத்திருக்காங்க, புரதம் 17, மாவுச்சத்து 17, கொழுப்பு 37. 100 கிராம் சுத்தமான எண்ணெய்க்கு அப்படி போட்டா 900 கிலோகலோரின்னும் 3,700 கிலோஜூல்னும் பக்கத்துல பக்கத்துல வரும். ஆனா 900 × 4.184 போட்டா 3,766 இல்ல வருது? லேபிள் பொய் சொல்லுதா? இல்ல, ரெண்டு வரியும் தனித்தனியா முழு எண்ணாக்கின காரணிகள்ல இருந்து வந்தது, ஒண்ண இன்னொண்ணா மாத்தி எழுதினது இல்ல. அதனால லேபிள்ல இருக்கற ரெண்டு எண்ண வகுத்து 4.184 வரலன்னு மண்டைய உடைச்சுக்க வேண்டாம்.

அடுத்தது பிடியூ, பிரிட்டிஷ் வெப்ப அலகு, ஏசி வாங்கப்போனா கேள்விப்படுவீங்க. ஐடியா அதே தான், ஒரு பவுண்டு தண்ணிய ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் ஏத்தற வெப்பம். பவுண்டு 453.6 கிராம், ஒரு ஃபாரன்ஹீட் டிகிரிங்கறது ஒரு செல்சியஸ் டிகிரில 9-ல 5 பங்கு, ரெண்டயும் பெருக்கினா 252 கலோரி. இங்க பல பேர் 32 கழிக்கணுமான்னு குழம்புவாங்க. வெப்பநிலைய மாத்தும்போது தான் 32 வேணும், வித்தியாசத்த மாத்தும்போது வேண்டாம். தண்ணி 20-ல இருந்து 30 டிகிரி செல்சியஸ் ஏறுச்சுன்னா 10 டிகிரி வித்தியாசம், அது ஃபாரன்ஹீட்ல 18 டிகிரி வித்தியாசம், 50 இல்ல.

252 கலோரின்னா கிட்டத்தட்ட கால் கிலோகலோரி, அதனால பிடியூவ நாலால வகுத்தா கிலோகலோரி வந்துடும், ஒரு சதவீதத்துக்குள்ள சரியா இருக்கும். ஜூல்ல சொன்னா 1,055, அதாவது ஒரு பிடியூவும் ஒரு கிலோஜூலும் கிட்டத்தட்ட ஒரே அளவு படி. இது தற்செயலா அமைஞ்சது, ஆனா எவ்வளவு வசதி பாருங்க.

ஒரு டன் ஏசின்னா 12,000 பிடியூன்னு சொல்வாங்க, அதுல "ஒரு மணி நேரத்துக்கு"ங்கறத முழுங்கிடறாங்க. சாப்பாட்டுல கிலோவ முழுங்கின மாதிரியே இங்க மணிய முழுங்கறாங்க, இதுவும் பெரிய தப்புல கொண்டு விடும், ஏன்னா முதல்ல பார்த்தது ஆற்றல், இது ஆற்றல் போற வேகம். 12,000 பிடியூ மணிக்குன்னா 3,024 கிலோகலோரி மணிக்கு, அதாவது 3.5 கிலோவாட். ஏசி இழுக்கற கரண்ட் இது இல்ல, ரூம்ல இருந்து வெளிய தள்ளற வெப்பம், கரண்ட் இத விட நல்லா கம்மியா தான் ஆகும். டன்னுங்கற பேரு ஐஸ்ல இருந்து வந்தது. ஏசி வர்றதுக்கு முன்னாடி குளிர்ச்சிக்கு ஐஸ் கட்டி தான, ஒரு அமெரிக்க டன் ஐஸ், 907 கிலோ, 24 மணி நேரத்துல உருகினா எவ்வளவு வெப்பத்த உறிஞ்சுமோ அது ஒரு டன். சோதிச்சு பார்ப்போம், ஒரு கிலோ ஐஸ் உருக 80 கிலோகலோரி வேணும், 907 × 80 = 72,560, அத 24-ஆல வகுத்தா 3,023. பிடியூ வழியா வந்தாலும் ஐஸ் வழியா வந்தாலும் ஒரே இடத்துல வந்து நிக்குது, இந்த மாதிரி ரெண்டு வழில போட்டு ஒத்துப்போனா தான் எனக்கு நிம்மதி.

கடைசியா கிலோவாட் மணி, கரண்ட் பில்லுல யூனிட்னு சொல்றது. 1,000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினா ஒரு யூனிட், வாட்டுங்கறது ஒரு விநாடிக்கு ஒரு ஜூல், ஒரு மணி நேரத்துல 3,600 விநாடி, அதனால 36 லட்சம் ஜூல், அதாவது 3,600 கிலோஜூல், கிலோகலோரில 860. இந்த 860-அ மனப்பாடம் பண்ணி வெச்சுக்கோங்க, சமையலறையயும் ஸ்விட்ச் போர்டயும் சேர்க்கற பாலம் அது.

2,000 கிலோகலோரிய 860-ஆல வகுத்தா 2.3 யூனிட். ஒரு மனுஷன் நாள் பூரா நடந்து, யோசிச்சு, பேசி, இதயத்த ஓட்டி, உடம்ப சூடா வெச்சிருக்க ஆகற மொத்த செலவு அவ்வளவு தான். அத 24 மணிக்கு பிரிச்சா 97 வாட், பழைய 100 வாட் குண்டு பல்பு மாதிரி நாம ஒவ்வொருத்தரும் எரிஞ்சிட்டு இருக்கோம், அதுல பெரும்பகுதி வெப்பமா வெளிய போகுது, பத்து பேர் ஒரு மூடின ரூம்ல உக்காந்தா கிட்டத்தட்ட ஒரு கிலோவாட் ஹீட்டர் ஓடற மாதிரி, ஒரு டன் ஏசில கால் பங்குக்கு மேல நமக்கே போயிடும்.

போன் பேட்டரியயும் பாருங்க. 5,000 மில்லி ஆம்பியர் மணி, 3.85 வோல்ட், பெருக்கினா 19 வாட் மணி, 69 கிலோஜூல், கிலோகலோரில 16.5. ஒரு டீஸ்பூன் சர்க்கரை, 4 கிராம், 16 கிலோகலோரி. ஒரு நாள் ஓடற போனோட முழு சார்ஜும் ஒரு ஸ்பூன் சர்க்கரையும் ஒண்ணு! நான் இத நம்பாம மூணு தடவ போட்டு பார்த்தேன்.

கணக்குல தப்பு வராம இருக்க நான் பண்றது, எண்ண எப்பவும் தனியா எழுத மாட்டேன், பக்கத்துலயே அலகயும் எழுதுவேன், மாத்தும்போது மேலயும் கீழயும் ஒரே அலகு வந்தா அடிச்சிடுவேன், கடைசில மிஞ்சற அலகு நான் தேடினது தானான்னு பார்ப்பேன். குளிக்க 10 லிட்டர் தண்ணிய 25 டிகிரில இருந்து 45-க்கு சூடாக்கணும்னு வைங்க. 10 கிலோ × 20 டிகிரி, ஒரு கிலோவுக்கு ஒரு டிகிரிக்கு 1 கிலோகலோரி, கிலோ அடிபடும், டிகிரி அடிபடும், மிஞ்சறது 200 கிலோகலோரி. 4.184-ஆல பெருக்கினா 837 கிலோஜூல். ஹீட்டர் 2 கிலோவாட், அதாவது விநாடிக்கு 2 கிலோஜூல், வகுத்தா கிலோஜூல் அடிபட்டு 418 விநாடி, 7 நிமிஷம். பாத்திரத்துக்கும் காத்துக்கும் போறத சேர்த்தா இன்னும் கொஞ்சம் ஆகும். யூனிட் கணக்குல 200-அ 860-ஆல வகுத்தா 0.23. அதே 200 கிலோகலோரிய சர்க்கரையா எடுத்துக்கிட்டா 4-ஆல வகுத்து 50 கிராம், ஒரு பக்கெட் வெந்நீர் ஒரு கைப்பிடிக்குள்ள அடங்கிடுது.